ஆளுக்கொரு பிளாக்: தானத்துக்குத் தைத்த க்வில்ட்டில் இடித்த இடங்கள்

(க்வில்ட், அதாவது துணித் துண்டுகளை இணைச்சுத் தைக்கிற போர்வை, தைக்கும் நாலு பேர் பேசிக்கிட்டது. ஒவ்வொரு பகுதிக்கும் மேலே இருப்பது பேசறவங்க புனைபெயர்.)

நைன்பேட்ச்
எங்க க்வில்ட் க்வில்ட்ஸ் ஆஃப் வேலருக்குப் போக வேண்டியது, ராணுவத்தில் இருந்தவங்களுக்கு க்வில்ட் குடுக்கிற அமெரிக்க அமைப்பு. 60க்கு 80 இஞ்ச், 12 இஞ்ச் நைன்பேட்ச் (ஒன்பது சதுரம் சேர்த்த பிளாக்) 30, மேலும் கீழும் மட்டும் 4 இஞ்ச் பார்டர். கில்டில் (எங்க தையல் சங்கத்தில்) பத்துப் பேர் ஆளுக்கு மூன்று தைத்தாங்க. மேசையில் அடுக்கினா 19 பிளாக் ஓரத் தையலுக்கான அரை இஞ்சோட 12½ சரியா இருக்கு, 11 பிளாக் 12¼-ல் நிக்குது. பக்கத்துப் பக்கத்தில் வெச்சதும் சிவப்புச் சதுரத்தின் முனை வெள்ளைச் சதுரத்துக்குள்ளே ஏறி நிக்குது. அது இன்னும் கண்ணை உறுத்துது.

துணி மேல தப்பில்லை. 4½ சதுரம் மூணுக்கு இடையில் ரெண்டு தையல். கால் இஞ்சை விட அரை நூல், அதாவது 1/16 கூடுதலாப் பிடிச்சா, ரெண்டு பக்கத் துணியிலும் சேர்த்து தையலுக்கு 1/8 போகும். ரெண்டு தையலுக்குக் கால் இஞ்ச் காணாமப் போச்சு. 11-ஐயும் பிரிச்சுத் தைக்கலாம்னு இருக்கோம்.

ஓரத்தையல்
பிரிக்காதீங்க அக்கா. பிரிச்ச ஓரம் இழுபட்டு நூல் உதிரும், மறுபடி கால் இஞ்ச் பிடிக்கத் துணியே மிஞ்சாது. முப்பதையும் 12¼-க்கு ட்ரிம் பண்ணிட்டு நடுவில் சாஷிங், அதாவது பிளாக்குக்கு இடையில் துணிப் பட்டை, வைங்க. பட்டை 1½ வெட்டினா தைச்சபின் 1 இஞ்ச். முனை முனையோட சேர வேண்டிய கவலையே இல்லை. பார்டர் இல்லாமலே 62¾க்கு 75½ வரும். அவங்க கேக்கறது 55க்கு 65-லிருந்து 72க்கு 90 வரை, உள்ளேயேதான் இருக்கு.

இனிமே துணியோட கூடவே ஒரு சோதனைத் துண்டும் குடுங்க. 2½ சதுரம் மூணு சேர்த்துத் தைச்சா 6½ வரணும். குறைவா வந்தா மெஷின் ஊசியை ஒரு தட்டு வலது பக்கம் நகர்த்தணும். அதைப் பார்க்காம பிளாக் தைக்க விடாதீங்க.

சாயவேட்டி
எங்க க்வில்ட் அளவில் சரி, சாயத்தில் போச்சு. முதல் துவைப்பு முடிஞ்சு மூடியைத் திறந்தா வெள்ளை நட்சத்திரம் அஞ்சும் ரோஜா நிறம். சிவப்பை மட்டும் கல்லுப்புல ஊறவெச்சிருந்தா தப்பிச்சிருக்கும்.

ஓரத்தையல்
உப்பு உதவாது. சாயம் ஏத்தற தொட்டியில் நூலுக்குள் சாயம் போக உப்பு வேணும், அது உண்மை. கடையில் வாங்கின பருத்தியில் மிஞ்சிக் கிடக்கிற சாயத்தை உப்பும் பிடிச்சு வைக்காது, வினிகரும் பிடிச்சு வைக்காது. அதைக் கழுவித்தான் வெளியே எடுக்கணும்.

காயவிடக் கூடாது, டிரையர்ல கண்டிப்பாப் போடக் கூடாது. குளியல் தொட்டி நிறைய நல்ல சூடான தண்ணி, கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவம், க்வில்ட் முழுசா அமுங்கி இருக்கணும். 12 மணி நேரம் ஊறட்டும். தண்ணி நிறமா இருந்தா கொட்டிட்டு மறுபடி. தண்ணி தெளிவா நிக்கிற வரைக்கும் விடாதீங்க. தண்ணி குறைஞ்சா வெளியே வந்த சாயம் வெள்ளை மேலேயே உட்காரும், அதனாலதான் தொட்டி நிறையச் சொல்றேன்.

வெட்டறதுக்கு முன்னாடி சிவப்பிலும் கருநீலத்திலும் ஒரு சின்னத் துண்டை நனைச்சு வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்க. கறை விழுந்தா அந்தத் துணியைத் துவைச்சபின் வெட்டுங்க.

பஞ்சுப்பொதி
அளவும் சாயமும் சரி பண்ணிடலாம். ஊசியைச் சரி பண்ண முடியாது. குழந்தைகளுக்குப் போர்வை குடுக்கிற ப்ராஜெக்ட் லைனஸுக்குப் போகிற குழந்தை க்வில்ட், 36க்கு 36. பைண்டிங் (ஓரத்தைச் சுத்தி மடிச்சுத் தைக்கிற பட்டை) முடிஞ்சு மடிக்கும்போது உள்ளங்கையில் ஏதோ குத்துச்சு. சிவப்புப் பூ பிரிண்ட், அதில் சிவப்புத் தலை குண்டூசி. கண்ணுக்குத் தெரியவே இல்லை.

துணி அடுக்குகள் நகராம இருக்க 4 இஞ்சுக்கு ஒண்ணுன்னு ஊக்கு குத்தினா 36க்கு 36-ல் 81 ஊக்கு. டப்பாவில் எண்ணிப் போட்டு, கழட்டினதும் எண்ணி வாங்குங்க. ஒண்ணு குறைஞ்சாலும் க்வில்ட் வெளியே போகக் கூடாது. காந்தம் வெச்சுத் தேடறது நல்லதுதான், ஆனா பித்தளை ஊக்கு அதில் ஒட்டாது. அதனால எண்ணிக்கையை விட்டுடாதீங்க. குழந்தை க்வில்ட்டுக்குப் பூத்தலை குண்டூசி வேண்டவே வேண்டாம். பட்டன், மணி, ஒட்டு அலங்காரமும் வேண்டாம், வாயில் போடுவாங்க.

நைன்பேட்ச்
சாஷிங்கே முடிவு. பைண்டிங்குக்கு, 62¾க்கு 75½ சுத்தளவு 276½, மடிப்புக்கு 12 சேர்த்தா 288½. 42 இஞ்ச் துணியில் 2½ பட்டையைச் சாய்வா இணைச்சா ஒண்ணுக்கு 39½ கிடைக்கும், ஆக 8 பட்டை, 20 இஞ்ச் துணி. கருநீலத்தில் எடுத்து வெச்சிருக்கேன். நனைச்சுப் பார்த்தாச்சு, கறை விழலை.