கோவில்பட்டி ஹாக்கி பயணம்: புதுப்பிப்பு

மகளின் ஹாக்கி போட்டிக்காகத் திருச்சியிலிருந்து கோவில்பட்டி போகிறோம், ரயிலில் படிக்கச் சின்னப் புத்தகமும் இரவில் பார்க்க ஒரு படமும் சொல்லுங்கள் என்று போன வாரம் கேட்டிருந்தேன். போய் வந்தாச்சு.

முதலில் ஆட்டம். அரையிறுதியில் 2-1 எனத் தோற்றார்கள். மண் தரையில் பழகிய பிள்ளைகளுக்குச் செயற்கைப் புல் தரை வேறு உலகம். ஆட்டத்துக்கு முன் தண்ணீர் தெளிக்கிறார்கள்; பந்து மண்ணில் எகிறுவது போல எகிறாமல் வழுக்கிக்கொண்டு பறக்கிறது. ஆரம்பத்தில் எல்லார் மட்டையும் தாமதமாகத்தான் இறங்கியது. அப்புறம் பிடித்துக்கொண்டார்கள். கடைசிக் கால் பகுதியில் என் மகள் தடுத்த ஒரு பெனால்டி கார்னருக்கு (தவறுக்குத் தண்டனையாக எதிரணிக்குக் கிடைக்கும் கோல் வாய்ப்பு) டீக்கடைக்காரர்கூட எழுந்து கை தட்டினார். ஹாக்கி தெரிந்த ஊர் அது!

நீங்கள் சொன்ன சி.சு. செல்லப்பாவின் ஜல்லிக்கட்டுக் குறுநாவல் ‘வாடிவாசல்’ சாத்தூர் வருவதற்குள் முடிந்துவிட்டது. பிச்சியும் காரிக் காளையும் மோதும் பக்கங்களை மகளுக்கு வாசித்துக் காட்டினேன். மாட்டுக்காகவும் மனம் பதைக்கிறது, அதுதான் அந்த எழுத்தின் பலம்.

குத்துச்சண்டைப் படமான ‘இறுதிச்சுற்று’ம் பார்த்தோம். நாயகியாக நடித்த ரித்திகா சிங் நிஜமாகவே கிக் பாக்ஸிங் வீராங்கனை என்பதால் சண்டைக் காட்சிகளில் போலித்தனமே இல்லை. பயிற்சியாளர் மேல் காதல் வருவது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. பிள்ளைகளோடு பார்ப்பவர்கள் அதைப் பற்றி அவர்களிடம் பேசிவிடுங்கள், நாங்கள் பேசினோம்.

சரி, அடுத்த மாதமும் டர்ஃபில்தான் (செயற்கைப் புல் தரையில்தான்) ஆட்டம். சின்ன அளவு டர்ஃப் ஷூ திருச்சியில் எங்கே கிடைக்கும்?