‘படித்தவர்’ என்ற சொல்லின் பொருள் எப்போது மாறியது?

கேள்வி:
ஒருவரைப் ‘படித்தவர்’ என்னும்போது அவர் பெற்ற பட்டத்தையே குறிக்கிறோம். அவருக்கு என்ன தெரியும் என்று கேட்பதில்லை. கல்வியின் பொருள் எப்போது இப்படிச் சுருங்கியது?

மறுமொழி 1:
அது ஒரே நாளில் நேர்ந்ததன்று. ‘ஸ்கூல்’ என்பதன் மூலமான கிரேக்கச் சொல்லுக்கு ‘ஓய்வு’ என்பதே முதற்பொருள். பிழைப்புக் கவலையற்ற சிலர் சிந்திப்பதற்குக் கிடைத்த நேரமே அன்று கல்வியாக இருந்தது. 1763இல் அன்றைய ஜெர்மானிய நாடுகளுள் ஒன்றான பிரஷ்யாவின் அரசு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புமாறு ஆணையிட்டபோது அது கடமையாயிற்று (ஆணை ஊர்தோறும் நடைமுறைக்கு வர நெடுங்காலம் பிடித்தது என்பது வேறு கதை). 1948இல் ஐ.நா.வின் மனித உரிமைப் பேரறிக்கை, தனது 26ஆம் பிரிவில் அதை அனைவருக்குமான உரிமை என்றது.

மறுமொழி 2:
பட்ட மோகம் புதியதன்று. சீனப் பேரரசில் அரசுப் பணிக்கான தேர்வு முறை, 1905இல் ஒழிக்கப்படும் வரை, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

மறுமொழி 3:
பலகையைத் தடவிப் பார்த்தே இழைப்புளியை எந்தப் பக்கமாக ஓட்டவேண்டும் என்று சொல்லிவிடும் தச்சரை, அவர் கையெழுத்திடத் தெரியாதவர் என்பதற்காகக் ‘கல்லாதவர்’ என்கிறோம். என் வருத்தமெல்லாம் அதைப் பற்றியதுதான்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. தச்சரைப் பற்றி நான் எண்ணிப் பார்க்கவே இல்லை.