பூஞ்சண மருந்து பூச்சியைக் கொல்லுமா, நம் காசைக் கொல்லுமா?

சோளக்காட்டான் (பெரம்பலூர்)

மக்காச்சோளத்தில் படைப்புழு இறங்கிய நாளிலிருந்து எங்கள் பக்கம் வருகிற எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: ரசாயனத்தை விடுங்கள், பூச்சியைக் கொல்லும் பூஞ்சணமான மெட்டாரைசியத்தை அடியுங்கள். அடித்தோம். புரட்டாசிப் பட்டம், மூன்று வாரப் பயிர், பாக்கெட்டில் போட்டிருந்த அளவு. ஒரு வாரம் கழித்துக் குருத்தைப் பிரித்தால் புழு கொழுகொழுவென்று உள்ளே இருக்கிறது. பக்கத்துக் காட்டுக்காரர் எமாமெக்டின் என்கிற ரசாயனப் பூச்சிக்கொல்லியை அடித்துவிட்டு மறுநாளே வேறு வேலை பார்க்கப் போய்விட்டார்.

பெவேரியா, மெட்டாரைசியம், வெர்டிசிலியம் என்று விற்கிற இந்தப் பூஞ்சணப் பவுடர்களை வயல் பயிருக்குப் பரிந்துரைப்பதையே, ஏன், விற்பதையே நிறுத்த வேண்டும் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் தாராளமாக வாருங்கள். "நஞ்சில்லா உணவு" என்று மட்டும் ஆரம்பிக்க வேண்டாம். புழு சாகுமா சாகாதா, அதைப் பேசுவோம்.

கொங்குத்தோப்பு

சாகும் அண்ணா, எங்கள் எருக்குழியில் வந்து பாருங்கள். தென்னையில் காண்டாமிருக வண்டு குருத்தைத் துளைக்கும், ஆனால் அது பெருகுவது எருக்குழியிலும் மக்கிய மரத்திலும்தான். 250 மில்லி மெட்டாரைசியம் கல்ச்சரை 750 மில்லி தண்ணீரில் கலந்து குழியில் தெளிக்கச் சொல்வார்கள். நாங்கள் வருஷா வருஷம் செய்கிறோம். எருவைக் கிளறினால் புழுக்கள் விறைத்து, மேலே பச்சை மாவு பூத்துக் கிடக்கும். அந்தப் புழுவை எடுத்துப் பக்கத்துக் குழியில் போட்டால் அங்கேயும் பரவும். எந்த ரசாயனம் இப்படித் தானாகப் பெருகும்?

சோளக்காட்டான் (பெரம்பலூர்)

தம்பி, எருக்குழி இருட்டு, ஈரம், நிழல். என் காடு வெட்டவெளி. குழியில் ஜெயித்ததைக் காட்டி என்னிடம் பவுடர் விற்காதீர்கள் என்பதுதான் நான் சொல்வதே.

பூச்சியியல் படிக்கிறவள்

சோளக்காட்டான் ஐயா சொன்னதில் பாதிக்கு மேல் சரி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் துறையில் பலருக்கு இது பிடிக்காது.

இந்தப் பூஞ்சணம் வேலை செய்கிற விதத்தைப் பார்த்தால் அவர் காட்டில் என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்கலாம். பூச்சியைக் கொல்ல அடிக்கிற பிடி (Bt) என்ற பாக்டீரியாவைப் புழு தின்றால்தான் சாகும். பூஞ்சணத்துக்கு அது தேவையில்லை, அதன் வித்து (விதை போன்ற நுண்துகள்) பூச்சியின் தோலில் ஒட்டினால் போதும். அதனால்தான் சாறு உறிஞ்சும் வெள்ளை ஈ, அசுவினி, மாவுப்பூச்சி மேலும் இதைப் பயன்படுத்த முடிகிறது. ஒட்டிய வித்து முளைக்கும், நொதிகளை விட்டுத் தோலைக் கரைத்து உள்ளே போகும், உடல் திரவத்தில் பெருகும். மெட்டாரைசியம் டெஸ்ட்ரக்சின் என்ற நச்சையும் விடும். பூச்சி சாக மூன்று நாளிலிருந்து பத்து நாள் வரை ஆகும்.

சிக்கல் முதல் நாளிலேயே இருக்கிறது. முளைக்க நல்ல ஈரப்பதம் வேண்டும். நேர் வெயில் பட்டால் புற ஊதாக் கதிரில் வித்து சில மணி நேரத்தில் செத்துவிடும். சின்னப் புழு அடிக்கடி சட்டை உரிக்கும், வித்து உள்ளே நுழைவதற்குள் உரித்துவிட்டால் வித்தும் சட்டையோடு போய்விடும். படைப்புழு பெரிதானபின் குருத்துக்குள் இறங்கித் தன் எச்சத்தாலேயே வாயை அடைத்துக்கொள்ளும், அப்போது தெளிப்பு போய்ச் சேராது. ஆக, புழு சின்னதாக இருக்கும்போதே, சாயங்காலம், மண்ணில் ஈரம் இருக்கிற நாளில், நேராகக் குருத்துக்குள் விழும்படி அடிக்க வேண்டும்.

சோளக்காட்டான் (பெரம்பலூர்)

பார்த்தீர்களா. மருந்து வேலை செய்யாவிட்டால் உடனே நேரம் தப்பு, ஈரம் தப்பு, வெயில் தப்பு. கடைசியில் எல்லாம் விவசாயி தப்பு. எமாமெக்டின் டப்பாவில் "மழை பெய்த மறுநாள் சாயங்காலம் மட்டும்" என்று எழுதியிருக்கிறதா? மானாவாரிக்காரன் தெளிப்பான் கிடைக்கிற நாளில்தான் அடிப்பான், ஆள் கிடைக்கிற நேரத்தில்தான் அடிப்பான். அதற்குத் தாங்காத மருந்து அவனுக்கு மருந்தே இல்லை.

ஏற்காடு காபி

இந்த வாதம் எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் முடிவு பிடிக்கவில்லை. காபியில் பச்சைச் செதில் பூச்சியை வெர்டிசிலியம் (இப்போது லெக்கானிசிலியம் என்கிறார்கள்) தானாகவே மழைக்காலத்தில் வந்து வெளுக்க வைக்கும். செதிலைச் சுற்றி வெள்ளை வளையம் கட்டியிருக்கும், தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் பார்த்திருப்பார்கள். அதே பூஞ்சணம் இலைத் துரு நோயின் பூஞ்சணத்தையும் தாக்கும் என்பது கூடுதல் லாபம். காபிப் பழத் துளைப்பான் 1990இல் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது நம் கூடலூரில்தான். அதற்கு பெவேரியா அடிக்கிறோம். நிழல் மரம், மூடுபனி, இரண்டும் கை கொடுக்கின்றன.

ஆக "வயல் பயிருக்கு வேண்டாம்" என்று நீங்கள் சொன்னால் பாதி ஒப்புக்கொள்வேன். "விற்கவே கூடாது" என்றால் எங்கள் வயிற்றில் அடிக்கிறீர்கள்.

மல்பெரி தர்மபுரி

எங்கள் வயிற்றைப் பற்றியும் யாராவது பேசுங்களேன். பெவேரியா பேசியானா என்ற பெயரில் இருக்கிற பேசியானா யார் தெரியுமா? அகோஸ்டினோ பாசி. இத்தாலியில் பட்டுப்புழுக்கள் சுண்ணாம்புக் கட்டி போல விறைத்துச் சாவதற்கு ஒரு பூஞ்சணம்தான் காரணம் என்று 1835இல் நிரூபித்தவர். ஒரு நுண்ணுயிர் விலங்குக்கு நோய் உண்டாக்கும் என்று காட்டிய முதல் ஆய்வுகளில் அதுவும் ஒன்று. அப்படிப் பட்டுப்புழுவைக் கொல்கிற நோயைத்தான் நீங்கள் பாக்கெட்டில் போட்டுத் தெளிக்கிறீர்கள்! பக்கத்துத் தக்காளிக் காட்டில் பெவேரியா அடித்தால் என் மல்பெரி இலையில் வந்து படியாது என்று யார் உத்தரவாதம்? "பூச்சியை மட்டும் கொல்லும், வேறு யாருக்கும் கெடுதல் இல்லை" என்று விளம்பரம் செய்கிறவர்களுக்குப் பட்டுப்புழுவும் ஒரு பூச்சிதான் என்று தெரியாதா?

பூச்சியியல் படிக்கிறவள்

மல்பெரி அண்ணா சொல்வதை மறுக்க முடியாது. பெவேரியா நூற்றுக்கணக்கான பூச்சி இனங்களைப் பிடிக்கும். மல்பெரித் தோட்டம், புழு வளர்ப்பு மனைக்குப் பக்கத்தில் அதை அடிக்கக் கூடாது, கதை முடிந்தது.

ஆனால் எல்லாப் பூஞ்சணமும் பெவேரியா இல்லை. பூச்சியைக் கொல்லும் பூஞ்சணங்கள் 700 இனங்களுக்கு மேல் பதிவாகியிருக்கின்றன. கடையில் கிடைப்பது அதில் ஒரு கைப்பிடி. ஈயைப் பிடிக்கும் என்டமோப்தோரா மஸ்கே, சாகப்போகிற ஈயைச் சாயங்கால வேளையில் உயரமான இடத்துக்கு ஏற வைத்து, இறக்கையைத் தூக்கி நிறுத்திவிட்டுத்தான் வித்தை வீசும். எறும்பை இலை நரம்பைக் கவ்வ வைக்கும் ஓஃபியோகார்டிசெப்ஸ் பற்றி எல்லாருக்கும் தெரிந்திருக்கும். என்டமோப்தோரா கூட்டத்தில் பலவும் ஒன்றிரண்டு பூச்சிகளோடு நிறுத்திக்கொள்பவை. பட்டுப்புழுவுக்குப் பயமில்லாதவை அங்கே நிறைய. தொழிற்சாலையில் வளர்க்கத்தான் முடிவதில்லை. அரிசியில் மளமளவென்று வளர்வதால்தான் பெவேரியாவும் மெட்டாரைசியமும் கடைக்கு வந்தன. எது வளர்ப்பதற்குச் சுலபமோ அதைத்தான் விற்கிறோம்.

சோளக்காட்டான் ஐயாவுக்கு ஒன்று. படைப்புழுவுக்கு நெருக்கமான பூஞ்சணம் மெட்டாரைசியம் ரைலீ, பழைய பெயர் நொமூரியா ரைலீ. புழுக்களைத்தான் குறிவைக்கும். ஐப்பசி மழைக்குப் பிறகு இலைமேல் வெளிர்பச்சைப் பொடி பூசியதுபோல விறைத்துக் கிடக்கும் புழுக்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். அதை வளர்ப்பது மற்றவற்றைப் போலச் சுலபம் இல்லை. உங்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் கடையில் சாதாரணமாக விற்கிற இன்னொரு இனமான மெட்டாரைசியம் அனிசோப்ளியேவாக இருக்கும்.

சோளக்காட்டான் (பெரம்பலூர்)

பார்த்திருக்கிறேன் அம்மா. யாரும் தெளிக்காமல், மழையில் தானாக வந்தது. பட்டம் பாதி போனபின் வந்தது. அப்போது குருத்து ஓட்டை ஓட்டையாக இருந்தது.

கொங்குத்தோப்பு

தானாக வருவதே ஒரு சான்றுதானே அண்ணா. அமெரிக்காவில் ஜிப்சி அந்துப்பூச்சிக்காக 1910 வாக்கில் ஜப்பானிலிருந்து ஒரு பூஞ்சணத்தைக் கொண்டுவந்து பாஸ்டன் பக்கம் விட்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை என்று மறந்தேபோனார்கள். 1989இல் எதிர்பாராமல் காடு காடாகப் புழுக்கள் செத்தன, பார்த்தால் என்டமோஃபேகா மைமைகா என்கிற அந்த ஜப்பான் பூஞ்சணம்.

ஏற்காடு காபி

எண்பது வருஷம் காத்திருக்கச் சொல்கிறீர்களா? அது அவர் கட்சிக்குத்தான் பலம்! இடையில் வேறு ஏதாவது வழியில் வந்ததா என்றுகூட இன்னும் சர்ச்சை இருக்கிறது. நல்ல உதாரணம் வேண்டுமானால் வெட்டுக்கிளியைச் சொல்லுங்கள். வெட்டுக்கிளியைக் கட்டுப்படுத்த 1989இல் தொடங்கிய லுபிலோசா என்ற திட்டத்தில் மெட்டாரைசியம் அக்ரிடம் என்கிற இனத்தை எண்ணெயில் கலந்து தெளித்தார்கள். எண்ணெய் இருந்ததால் வறண்ட நிலத்திலும் வித்து பிழைத்தது. 2009இல் தான்சானியாவில் செவ்வெட்டுக்கிளிக்கும், 2020இல் சோமாலியாவில் பாலைவன வெட்டுக்கிளிக்கும் பயன்பட்டது. வெட்டவெளியில் பூஞ்சணம் வேலை செய்யாது என்பது உண்மையில்லை. தண்ணீரில் கரைத்த பவுடர் வேலை செய்வது சிரமம் என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

மல்பெரி தர்மபுரி

வெட்டுக்கிளி வெயிலில் குளித்து உடல் சூட்டை ஏற்றிப் பூஞ்சணத்தைத் தள்ளிப்போடும் என்று படித்த ஞாபகம். சரியா?

பூச்சியியல் படிக்கிறவள்

சரிதான். அதனால் சில இடங்களில் சாவதற்கு இரண்டு மூன்று வாரம்கூட ஆகும். எதிர்ப்புத்திறனே வராது என்று கடைக்காரர்கள் சொல்வதையும் அப்படியே நம்ப வேண்டாம். தேன்கூட்டு மெழுகைத் தின்னும் மெழுகுப் புழுக்களை பெவேரியாவுக்கு ஆளாக்கி 25 தலைமுறை தேர்ந்தெடுத்தபோது, அவற்றின் தோலின் தற்காப்பு கூடியது ஆய்வகத்தில் தெரிந்தது. வயலில் ரசாயனத்துக்கு வருவதுபோல வேகமாக வந்ததாகத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

சோளக்காட்டான் (பெரம்பலூர்)

நீங்கள் நேர்மையாகப் பேசுவதால் கேட்கிறேன். என் பாக்கெட்டில் உயிருள்ள வித்து இருந்ததா, வெறும் டால்க் பவுடரா என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது? கடையில் டின் கூரைக்குக் கீழே வெயிலில் அடுக்கி வைத்திருந்தார்கள்.

பூச்சியியல் படிக்கிறவள்

முதலில் லேபிள். பதிவு எண், இனத்தின் பெயர், தயாரித்த தேதி, ஒரு கிராமுக்கு 10 கோடி உயிருள்ள வித்து என்கிற மாதிரி எண்ணிக்கை, இவை இருக்க வேண்டும். பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968இன்கீழ் இவையும் பதிவாக வேண்டியவைதான். "தாவரச் சத்து", "ஊக்கி" என்று மட்டும் எழுதியிருந்தால் தொடாதீர்கள். வெயிலில் காய்ந்த பாக்கெட்டையும் வாங்காதீர்கள்.

பிறகு ஒரு சோதனை. மருந்து கரைத்த தண்ணீரில் சில புழுக்களை நனைத்து, இன்னும் சிலவற்றை வெறும் தண்ணீரில் நனைத்து, தனித்தனி டப்பாவில் சோளத் தளிரோடு விடுங்கள். படைப்புழு ஒன்றையொன்று தின்னும், அதனால் ஒரு டப்பாவுக்கு ஒன்று. செத்ததை ஈரக் காகிதத்தில் மூடி வைத்தால் சில நாளில் மேலே பச்சைப் பூஞ்சணம் வெளிவர வேண்டும். ஒரு நாளிலேயே எல்லாம் செத்துப் பூஞ்சணமும் வராவிட்டால், பாக்கெட்டில் வேறு ஏதோ ரசாயனம் கலந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். கையுறை, முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், வித்து சிலருக்கு ஒவ்வாமை தரும்.

மான்கோசெப், கார்பென்டசிம் போன்ற பூஞ்சணக்கொல்லி அடித்த டேங்கைக் கழுவாமல் இதை ஊற்றினாலும் வித்து போச்சு. போன தடவை அடித்த தெளிப்பான் யாருடையது ஐயா?

சோளக்காட்டான் (பெரம்பலூர்)

வாடகைத் தெளிப்பான். அதற்கு முந்தின நாள் யார், எதற்கு எடுத்துப் போனார்கள் என்று கேட்கிற பழக்கம் எங்கள் ஊரில் இல்லை.

சோதனை செய்து பார்க்கிறேன். இந்தப் பட்டத்தில் ஓரமாக ஒரு பத்து சென்ட் பூஞ்சணத்துக்கு விடுகிறேன், புழு சின்னதாக இருக்கும்போது, சாயங்காலம். மிச்சக் காட்டுக்கு எமாமெக்டின்தான். விற்பனையை நிறுத்தச் சொன்னதை ஏற்காடு காபிக்காக வாபஸ் வாங்குகிறேன். மக்காச்சோளத்துக்கு முதல் மருந்தாக இதைச் சொல்லாதீர்கள் என்பதை வாபஸ் வாங்கவில்லை.

மல்பெரி தர்மபுரி

அந்தப் பத்து சென்ட்டுக்குப் பக்கத்தில் யாராவது பட்டுப்புழு வளர்க்கிறார்களா என்று முதலில் விசாரியுங்கள்.