சீரியல்2-ல் பதில் வரவில்லை, நீல விளக்கு மட்டும் மின்னுகிறது (ஈஎஸ்பி32 மஞ்சள் போர்டு)

குடியாத்தம்_டேங்க்:
மொட்டை மாடி டேங்கில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க அம்மா இந்த வெயிலில் ஏணி ஏறுகிறார், அதற்காக ஆரம்பித்த வேலை. மேலே வைக்க அர்டுயினோ நானோ என்ற சின்ன கன்ட்ரோலரும், ஒலியால் தூரம் அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சாரும், கீழே 2.8 அங்குலத் திரையோடு வரும் மஞ்சள் ஈஎஸ்பி32 போர்டு. நொடிக்கு ஒரு கேள்விக்குறியைப் போர்டு அனுப்பும், நானோ சென்டிமீட்டரில் பதில் தரவேண்டும். போர்டின் சீரியல்2-க்கு (ஒயரில் தகவல் அனுப்பி வாங்கும் வழி) வேகம் 9600 என்று மட்டும் கொடுத்து, ஒயரை பி1 சாக்கெட்டில் டிஎக்ஸ் (அனுப்புவது), ஆர்எக்ஸ் (வாங்குவது) குறுக்காக மாற்றிச் செருகியிருக்கிறேன். திரையில் ஒன்றும் வரவில்லை. இப்போது புரோகிராமும் ஏறமாட்டேன் என்கிறது! பின்பக்கம் நீல எல்இடி மட்டும் நொடிக்கொரு தடவை லேசாக மின்னுகிறது.

காட்பாடி_சால்டர்:
இரண்டு போர்டுக்கும் கிரவுண்ட் சேர்த்தீர்களா? பாதிப் பேர் அதில்தான் கோட்டை விடுவார்கள்.

குடியாத்தம்_டேங்க்:
சேர்த்தாச்சு அண்ணா.

பாலாற்றங்கரை:
தம்பி, அந்த நீல விளக்குதான் பதில். நீங்கள் போட்டிருப்பது அர்டுயினோவுக்கான பழைய ஈஎஸ்பி32 கோர் (3.0-க்கு முந்தையது) போலிருக்கிறது. அதில் பின் நம்பர் சொல்லாமல் விட்டால் சீரியல்2 16-க்கும் 17-க்கும் போய்விடும். இந்தப் போர்டில் 16 பச்சை எல்இடி, 17 நீலம். உங்கள் கேள்விக்குறி நானோவுக்குப் போகவே இல்லை, விளக்கில்தான் மின்னிக்கொண்டிருக்கிறது. பி1-ல் இருப்பது பின் 1, 3, அதாவது யுஎஸ்பி சிப் பேசுகிற அதே லைன். அதில் நானோவும் தொங்கினால் புரோகிராம் எப்படி ஏறும்? பி1-ஐக் கழற்றிவிட்டு சிஎன்1 சாக்கெட்டுக்கு வாருங்கள், அங்கே 22, 27 இரண்டும் சும்மா கிடக்கின்றன. சீரியல்2-ஐத் தொடங்கும் பிகின் வரியில் 9600, 8என்1 (தகவல் வடிவம்), அப்புறம் ஆர்எக்ஸ் 27, டிஎக்ஸ் 22, இதே வரிசை. பி3-ல் இருக்கிற 35-ஐ டிஎக்ஸ் ஆக்கிவிடாதீர்கள், அது உள்ளே வாங்க மட்டும்தான்.

காட்பாடி_சால்டர்:
நானோ 5 வோல்ட், ஈஎஸ்பி 3.3. நானோ டிஎக்ஸிலிருந்து 1 கே ரெசிஸ்டர், அங்கிருந்து கிரவுண்டுக்கு 2 கே ரெசிஸ்டர் போட்டு, நடுவிலிருந்து 27-க்கு எடுங்கள். எதிர்ப்பக்கம், அதாவது 22-லிருந்து நானோ ஆர்எக்ஸுக்கு, நேராகவே கொடுக்கலாம்.

குடியாத்தம்_டேங்க்:
மேசையில் வைத்துப் பார்த்தேன், 142 என்று வந்துவிட்டது! நீல விளக்கும் அடங்கியது. மாடிக்கு 15 மீட்டர் ஒயர் இழுத்தால் தாங்குமா?

பாலாற்றங்கரை:
அப்படியே இழுத்தால் மோட்டார் போடும்போதெல்லாம் குப்பை எழுத்து வர வாய்ப்பு இருக்கிறது. நீண்ட ஒயருக்கான ஆர்எஸ்485 மாட்யூல் இரண்டு வாங்கி முனைக்கு ஒன்றாகப் போடுங்கள். ஈஎஸ்பி பக்கத்துக்கு 3.3 வோல்ட்டில் ஓடுவதாகப் பார்த்து வாங்குங்கள்.