பிரிட்டனில் கேரவன் இழுக்க எந்த லைசென்ஸ் வேண்டும்?

காரின் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் வீட்டு வண்டிதான் கேரவன். அதற்கென்று தனியாக டெஸ்ட் கொடுக்க வேண்டுமா என்றால், இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றிலும் வேண்டாம். சாதாரண கார் லைசென்ஸ், அதாவது பி வகை இருந்தாலே போதும். 2021 டிசம்பர் 16 முதல் அதை வைத்தே 3,500 கிலோ வரையுள்ள டிரெய்லரை இழுக்கலாம். அதற்கு முன்பு, 1997இலிருந்து டெஸ்ட் பாஸ் செய்தவர்கள் கனமான கேரவனுக்கு பிஇ டெஸ்ட், அதாவது டிரெய்லர் இழுப்பதற்கான டெஸ்ட், தனியாகக் கொடுக்க வேண்டியிருந்தது. ரொம்ப வருடமாக இங்கே இருப்பவர்கள் சிலர் இன்னும் அந்தப் பழைய விதியைத்தான் சொல்வார்கள். வட அயர்லாந்துக்கு மட்டும் இந்த மாற்றம் வரவில்லை. அங்கே குடியேறியவர்கள் அங்குள்ள விதியைத் தனியாகப் பாருங்கள்.

ஆனால் இதெல்லாம் பிரிட்டிஷ் லைசென்ஸுக்கு. இந்திய, இலங்கை லைசென்ஸ் வைத்து இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் கார் ஓட்டலாம். கார் வாங்கிய நாளிலிருந்து அல்ல, குடியேறிய நாளிலிருந்து. அந்த லைசென்ஸை இங்கே பிரிட்டிஷ் லைசென்ஸாக மாற்றித் தரமாட்டார்கள். புரொவிஷனல், அதாவது பழகுநர் லைசென்ஸ் எடுத்து, தியரி, பிராக்டிகல் இரண்டும் பாஸ் செய்துதான் ஆகவேண்டும். சிங்கப்பூர் லைசென்ஸ் என்றால் மாற்றிக்கொள்ள வழி உண்டு. புரொவிஷனலில் டிரெய்லர் இழுக்கக் கூடாது. அந்த முதல் வருடத்தில் கேரவன் ஆசையைத் தள்ளிவைத்து, முதலில் இந்த ஊர் லைசென்ஸை வாங்கிவிடுங்கள் என்பதுதான் என் யோசனை.

லைசென்ஸ் கிடைத்ததும் 3,500 கிலோவை இழுத்துவிடலாம் என்று நினைத்துவிடாதீர்கள். அது லைசென்ஸின் வரம்பு. பெரும்பாலான கார்கள் அவ்வளவு தாங்காது. பானெட்டுக்கு அடியிலோ கதவு நிலையிலோ ஒரு சின்னத் தகடு இருக்கும். அதில் முதல் எடை, ஆட்களும் சாமான்களும் ஏறிய காருக்கான உச்சவரம்பு. இரண்டாவது, காரும் டிரெய்லரும் சேர்ந்த வரம்பு. 1,950, 3,450 என்று இருந்தால், காரை முழுக்க நிரப்பிய பிறகு கேரவனுக்கு மிஞ்சுவது 1,500 கிலோ. இரண்டாவது எண்ணே இல்லையென்றால் அந்தக் காரில் எதையும் இழுக்கக் கூடாது. செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கப் போகும்போதே இந்தத் தகட்டை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கேரவனை வாங்கிய பிறகு காரை மாற்றுவது பெரிய செலவு.

அப்புறம் சாலை விதிகள். நடுவே பிரிக்கப்படாத சாலையில் அதிகபட்சம் மணிக்கு 50 மைல், டூயல் கேரேஜ்வேயிலும் (நடுவே பிரிக்கப்பட்ட சாலை) மோட்டார்வேயிலும் (அதிவேக நெடுஞ்சாலை) 60. மூன்று லேன் உள்ள மோட்டார்வேயில் வலது ஓர லேனுக்குப் போகவே கூடாது. கேரவனின் பின்னால் உங்கள் காரின் நம்பர் பிளேட்டே இருக்க வேண்டும்.

கேரவன் காரைவிட அகலமாக இருந்தால் நீட்டிவைக்கும் டோயிங் மிரர் இரண்டு பக்கமும் மாட்டுங்கள். பின்னால் வருவது சரியாகத் தெரியாமல் ஓட்டினால் 1,000 பவுண்டு வரை அபராதமும் லைசென்ஸில் 3 தண்டனைப் பாயிண்டும் வரலாம். கிளம்பும் முன் இன்சூரன்ஸ்காரரிடமும் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள்: கார் பாலிசி இழுக்கும்போதும் செல்லுமா, கேரவனுக்கு ஏற்படும் சேதத்துக்குத் தனி பாலிசி வேண்டுமா, இரண்டையும் கேளுங்கள்.