லெஃப்ட் ஜாயின் போட்டும் பார்ட்டி பேரு காணாமப் போகுதுங்க

பனியன்_பில்: மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸுங்க. பார்ட்டி (வாடிக்கையாளர்) டேபிளையும் பில் டேபிளையும் லெஃப்ட் ஜாயின் (பில் இல்லாட்டியும் பார்ட்டி வரியை விடாம சேர்க்கறது) பண்ணி, ஏப்ரல் மாச பில் எண்ணிக்கை எடுக்கறேன். பில் போடாத பார்ட்டிக்கு 0 வரோணும். அந்தப் பேரே வர்றதில்லை. ஏனுங்க?

ஈரோட்டு_மஞ்சள்: தேதி கண்டிஷனை ‘வேர்’ல (WHERE, வரியை வடிகட்டற பகுதி) வெச்சிருப்பீங்க. பில் இல்லாத வரியில தேதி ‘நல்’ (NULL, மதிப்பே இல்லாதது). ‘நல்’லை சாதாரணமா எதோட ஒப்பிட்டாலும் உண்மைன்னு வராது, வரி வடிகட்டிப் போயிரும். கண்டிஷனை ‘ஆன்’ (ON, டேபிள்களை இணைக்கற பகுதி) பக்கம், பார்ட்டி ஐடிக்குப் பின்னாடி ‘அண்ட்’ போட்டு நகர்த்துங்க. கவுண்ட் ஸ்டாரும் (COUNT(*)) ஆகாது. அது வரியை எண்ணும், பில் இல்லாதவருக்கும் 1 காட்டும். கவுண்டுக்குள்ள பில் நம்பரைக் குடுங்க, ‘நல்’லை அது எண்ணாது.

நொய்யல்கரை: தேதியோட நேரமும் இருந்தா ‘பிட்வீன்’ (இந்தத் தேதியில இருந்து அந்தத் தேதி வரைக்கும்னு குடுக்கறது) வேண்டாமுங்க. 30-ந்தேதின்னு மட்டும் குடுத்தா அது 00:00 மணி. அன்னிக்குப் பகல்ல போட்ட பில்லெல்லாம் விட்டுப்போகும். ஏப்ரல் 1-ல இருந்து, மே 1-ஐ விடச் சிறுசுன்னு எழுதுங்க. மன்த் ஃபங்ஷன் (தேதியில மாசத்தை மட்டும் எடுக்கறது) போட்டா எல்லா வருச ஏப்ரலும் வந்து சேர்ந்துக்கும், தேதி இண்டெக்ஸும் (வேகமாத் தேட உதவறது) வீண்.

பனியன்_பில்: 0 வந்துருச்சுங்க. பில்லே இல்லாதவங்க மட்டும் வேணும்னா ‘நாட் இன்’ (பில் டேபிள் பட்டியல்ல இல்லாதவங்கன்னு கேக்கறது) போதுங்களா?

ஈரோட்டு_மஞ்சள்: உள்ள இருக்கற குவரியில (அந்தப் பட்டியலை எடுக்கற கேள்வி) ஒரே ஒரு ‘நல்’ வந்தாலும் ரிசல்ட் காலி. ‘நாட் எக்ஸிஸ்ட்ஸ்’ (பொருந்தற பில் வரி இல்லையான்னு பார்க்கறது) எழுதுங்க.