காய்ச்சல் தணிவா, இறங்குமுகமா?

வணக்கம்.

டெங்குக் கையேட்டில், காய்ச்சல் விடும் கட்டத்தைக் குறிக்கும் ‘defervescence’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் ‘காய்ச்சல் தணிவு’ என்று முன்மொழிந்திருக்கிறீர்கள். இலக்கணத்தில் குறையில்லை, எனக்கு உறுத்துவது அதன் குளிர்ச்சி. கோபம் தணியும், தாகம் தணியும், தணிந்தால் நிம்மதி. டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் கண்டம்.

வேலூரில் குழந்தைகள் வார்டில், பெற்றோருக்கு விளக்கம் சொல்லும் வேலை எனக்கு. சென்ற மழைக்காலத்தில் குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா, ஐந்தாம் நாள் காலையிலேயே ஒயர்கூடையில் தட்டு, டம்ளர், பிளாஸ்க் எல்லாவற்றையும் அடுக்கிவிட்டார். “காய்ச்சல் விட்டுவிட்டது சார். நாளைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றலாமா?” என்றார். பையனின் நெற்றி குளிர்ந்துதான் இருந்தது. உள்ளங்காலும் சில்லிட்டிருந்தது. இரவெல்லாம் வயிறு வலிக்கிறது என்று முனகியிருக்கிறான். இரத்த அழுத்தத்தின் மேல் அளவுக்கும் கீழ் அளவுக்கும் நடுவே 20 கூட இல்லை, ஆபத்தான அறிகுறி. பிழைத்துக்கொண்டான், கூடை மட்டும் மூன்று நாள் கட்டிலடியில் கட்டியபடியே கிடந்தது.

பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையே, காய்ச்சல் இறங்கும்போது இரத்த நுண்குழாய்களிலிருந்து பிளாஸ்மா, அதாவது இரத்தத்தின் நீர்ப்பகுதி, கசிகிறது. 24 முதல் 48 மணி நேரம் இது நீடிக்கும். குழந்தைகளின் நுண்குழாய்கள் பெரியவர்களுடையதைவிட எளிதில் கசிபவை. நீர் வெளியேறுவதால் ஹீமட்டோகிரிட், அதாவது இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, ஏறும்; தட்டணுக்கள் பெரும்பாலும் அதற்கு முன்பே சரியத் தொடங்கியிருக்கும். ஹீமட்டோகிரிட் முன்பிருந்த அளவைவிட 20 சதவீதம் ஏறினால் கசிவு உறுதி. வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், சோர்வு ஆகியவற்றை உலக சுகாதார நிறுவனம் 2009இல் எச்சரிக்கை அறிகுறிகளாகவே வகுத்துவிட்டது. அந்தச் சொல் பழகிவிட்டது, இருக்கட்டும். நோய் எப்படிப் போகும் என்று சொல்லும் ‘prognosis’-க்கு ‘முன்கணிப்பு’ம் சரி; ‘முன்னறிவிப்பு’ வானிலைக்காரர்களுடையது.

‘விடுகாய்ச்சல்’ என்று இன்னொருவர் எழுதியிருந்தார். விட்டுவிட்டு வரும் காய்ச்சல் என்றுதான் படிப்பார்கள், மலேரியாவுக்குப் போய்விடும்.

என் பரிந்துரை: ‘காய்ச்சல் இறங்குமுகம்’. முடிந்துவிட்டது என்று இது சொல்வதில்லை, இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்கிறது. வெங்காய விலை இறங்குமுகம் என்றால் மகிழ்ச்சிதானே என்று கேட்பீர்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஜோடிச் சொல் கூடவே வருகிறது பாருங்கள்: ‘காய்ச்சல் இறங்குமுகம், ஹீமட்டோகிரிட் ஏறுமுகம்’. கட்டில் தலைமாட்டு அட்டையில் இந்த ஒரு வரி இருந்தால், இரவுப் பணிக்கு வரும் செவிலியருக்கு வேறு விளக்கம் வேண்டாம்.

‘சுர இறங்குமுகம்’ என்று மட்டும் செறிவாக்கிவிடாதீர்கள். சுரம் என்றால் எங்கள் வார்டில் பாதிப் பேர் பாட்டு வாத்தியாரை நினைப்பார்கள்.